எங்கள் டவுன் அரசாங்க கிளினிக்: அம்மாவின் இதய மருந்தும் மிஸ்ஸி பார்க்கும் வேலையும்

இருதய வியாதிக்கு மருந்து சாப்பிடும் வயதானவர்களைத் தோட்டப்புறத்தில் எங்கே காட்டுவது, அரசாங்க கிளினிக் போதுமா, இல்லை ஈப்போவுக்கே ஓட வேண்டுமா என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் கேட்டபடியே இருக்கிறார்கள். ரவிக்கை அளவு எடுக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் டவுன் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர். ஒரு வரிசைக் கடைகள், பாசார் (சந்தை), கோயில், தமிழ்ப்பள்ளி, கிளினிக். கிளினிக்கின் பெயரையும் அங்கே வேலை செய்யும் மிஸ்ஸியின் (தாதியின்) பெயரையும் போடவில்லை. அவர் அரசாங்க வேலையில் இருப்பவர், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யார் என்று தெரியும்.

அம்மா 70ஐத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு வெளிக்காட்டு வேலை: உரம் போடுவது, புல்லுக்கு மருந்து அடிப்பது, எலி மருந்து வைப்பது. இப்போது அவருக்கு இரண்டு கோளாறு. ஒன்று, இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஈப்போவில் எழுதிக்கொடுத்தார்கள். இன்னொன்று ஹார்ட் ஃபெய்லியர். அந்தப் பெயரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் அழுதோம். இதயம் நின்றுபோவது அல்ல அது. ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்து, காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்வது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து மருந்தெல்லாம் முடிவுசெய்த பிறகு, தொடர்ந்து பார்ப்பதை எங்கள் டவுன் கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

கட்டணத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வெளிநோயாளிக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அதுவும் கிடையாது. ஐசியை (அடையாள அட்டையை) காட்டினால் போதும். காத்திருப்பது நீளம்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவின் மருந்துப் பை கனமானது. நீர் மாத்திரை ஃபுருசெமைட், காலையில். பிசோப்ரோலால், இதயம் ஓடுகிற ஓட்டத்தைக் குறைக்க. பெரிண்டோப்ரில், இதயத்தின் சுமையை இறக்க. டிகாக்சின், அதுவும் இதய ஓட்டத்தை அடக்க, அரை மாத்திரை. வார்ஃபரின், ரத்தம் கட்டிவிடாமல் இருக்க. இரவுக்கு ஒரு கொழுப்பு மாத்திரை. இதில் இரண்டு மாத்திரைகள், டிகாக்சினும் வார்ஃபரினும், மிகக் கறாரானவை. கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் ஆளையே சாய்த்துவிடும். அந்த இரண்டையும் எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒரு பாட்டி வீட்டில் தானே எடுத்துச் சாப்பிடுகிறார். இதைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் ஒரு மிஸ்ஸியின் வேலை என்று நான் நினைக்கிறேன். சிரித்த முகமும் இனிமையான பேச்சும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை மட்டும் கவனிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று அம்மா வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தார். பிரஷர் மிஷினில் கையை விட்டால் அது ஒரு நம்பர் காட்டும். தாளம் தப்பிய இதயத்துக்கு அந்த மிஷின் காட்டும் நாடிக்கணக்கை நம்ப முடியாது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாலும் சில துடிப்பு கைவரைக்கும் வந்து சேராமல் போய்விடும். அதனால் மிஸ்ஸி மிஷினைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார். திரையை இழுத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடுபண்ணி, அம்மாவின் இடது மார்புக்குக் கீழே வைத்தார். மற்ற கையில் கடிகாரம். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை இல்லை. முழுசாக ஒரு நிமிடம். வெளியே நம்பர் கூப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை வீறிடுகிறது, யாரோ கதவைத் தட்டி ஏதோ கேட்கிறார். அவர் தலையைத் தூக்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டு 52 என்று எழுதினார்.

"ஆச்சி, சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். மலாய்க்காரப் பெண். தோட்டத்தை ஒட்டின மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்தவர், தமிழ் பாதி மலாய் பாதியாகப் பேசுவார்.

"சோத்தப் பாத்தாலே கொமட்டுது மிஸ்ஸிம்மா. வயசாச்சுல்ல."

"கண்ணு? லைட் எப்படித் தெரியுது?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சாமி வெளக்கச் சுத்தி மஞ்சளா ஒரு வட்டம் தெரியுது" என்றார். எங்களிடம் சொல்லவே இல்லை. விளக்கு அப்படித்தான் எரிகிறது என்று இருந்திருக்கிறார்.

பசி போவது, குமட்டல், விளக்கைச் சுற்றி மஞ்சள் வட்டம், நாடி குறைவது: நாலும் சேர்ந்தால் டிகாக்சின் உடம்பில் தேங்கிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். மிஸ்ஸி மாத்திரையை நிறுத்துகிற ஆள் இல்லை, அது டாக்டரின் முடிவு. ஆனால் நாடி 60க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்கவும் மாட்டார்கள். அவர் அட்டையை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போனார். எங்கள் நம்பர் வர இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முன்பே அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, டிகாக்சினை நிறுத்திவைக்கச் சொல்லி, அன்றைக்கே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் டாக்டர். அங்கே சிறுநீரகம் சோர்ந்துபோயிருக்கிறது என்று சொன்னார்கள். டிகாக்சின் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழி அடைத்தால் அரை மாத்திரைகூட அதிகம்தான்.

சிறுநீரகம் ஏன் திடீரென்று சோர்ந்தது? அதற்கும் பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அதே மிஸ்ஸிதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அம்மாவின் பையை மேசையில் கொட்டச் சொன்னார். சாமி கும்பிட்ட விபூதிப் பொட்டலம், பழைய பஸ் டிக்கெட், தைலம், மருந்து உறைகள். அதற்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம், பெயரில்லாத மாத்திரைகள். முட்டி வலிக்குப் பக்கத்து வீட்டம்மா பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிக் கொடுத்தது. அம்மாவுக்கு அது மருந்துக் கணக்கிலேயே இல்லை. "அது வலிக்குப் போடறதும்மா" என்றார். வலி மாத்திரைகளில் பல வகை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடம்பில் நீரைத் தேக்கும், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். பெயரில்லாத பொட்டலமாக இருந்தால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. நம் நாட்டில் பதிவான மருந்து என்றால் பெட்டியில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இது வெறும் பொட்டலம்.

மிஸ்ஸி திட்டவில்லை. அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். எப்போது வலிக்கிறது, மாடிப்படியா, கீழே உட்கார்ந்து எழும்போதா என்று கேட்டார். பொட்டலத்தைத் தனியாக ஒரு உறையில் போட்டு, டாக்டருக்குக் காட்ட என்று எழுதி, ஈப்போவுக்குப் போகும் கடிதத்தோடு சேர்த்துவிட்டார். அம்மா வீடு திரும்பிய பிறகு முட்டிக்கு பாராசிட்டமாலும் தடவுகிற மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்து, பாராசிட்டமாலையும் நாள்கணக்கில் தொடர்ந்து போடுவதாக இருந்தால் தன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றார், அதுவும் வார்ஃபரினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால். வலி உண்மை என்பதை அவர் ஒப்புக்கொண்டதால்தான் அம்மா அந்தப் பொட்டலத்தை விட்டார். "சாப்பிடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டிருப்பார். எனக்கு என் அம்மாவைத் தெரியும்.

இதற்கு முன்னால் நாங்கள் கொஞ்ச காலம் ஒரு தனியார் இடத்தில் காட்டினோம். எது என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனம், மெத்தை நாற்காலி, குடிக்கத் தண்ணீர் எல்லாம் உண்டு. வாசலிலேயே "வாங்க அம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். மிஷின் காட்டிய நம்பரை எழுதி, மருந்தைப் பையில் போட்டுக் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொள்வார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அங்கே கிடைத்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. அம்மாவின் உயிருக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

வார்ஃபரின் கதை தனி.

ஒருநாள் கோயிலில் யாரோ அம்மாவிடம், "நீ சாப்பிடறது எலி மருந்து தெரியுமா?" என்று கேட்டுவிட்டார்கள். அம்மா எத்தனையோ வருஷம் செம்பனைக் காட்டில் எலி மருந்து வைத்தவர். மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும், மரத்துக்கு ஒன்றாகத் தூரில் போட்டுக்கொண்டே போக வேண்டும். எலி எப்படிச் செத்துக் கிடக்கும் என்று பார்த்தவர். அன்றிரவிலிருந்து வார்ஃபரினை வாயில் வைத்துவிட்டு, நாங்கள் திரும்பியதும் துப்பியிருக்கிறார். விரல் நுனியில் குத்தி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். 1.1 என்று வந்தது.

"மாத்திரை சாப்பிடறீங்களா ஆச்சி?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மிஸ்ஸி அப்படிக் கேட்கவில்லை. "இந்த மாத்திரைல ஆச்சிக்கு என்ன பயம்?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் பொய், யார் சொன்னது என்று மழுப்பியிருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. மருந்துப் பகுதியிலிருந்து ஃபார்மசி தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் தமிழ்ப் பையன், தாப்பா பக்கம். "உண்மைதான் பாட்டி, அதே சரக்குதான்" என்றுதான் ஆரம்பித்தார். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது, 1948இல் எலிக்கு வந்தது, 1954இலிருந்து மனிதருக்கும் கொடுக்கிறார்கள், ஐசன்ஹோவர் என்ற அமெரிக்க அதிபருக்கே 1955இல் மாரடைப்பு வந்தபோது கொடுத்தார்கள் என்று சொன்னார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "எலிக்கு யாராவது ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா பாட்டி? இன்னிக்கு இவ்வளவு தின்னது போதும்னு சொல்ல ஆள் இருந்துச்சா?"

"அதுக்கு யாரு பாக்கப் போறா" என்றார் அம்மா.

"ஒங்களுக்குப் பாக்கத்தான் நாங்க இருக்கோம்."

இப்போது அம்மா நாற்பதாண்டு எலி மருந்து வைத்த அனுபவத்தோடு மற்றவர்களுக்கு வார்ஃபரினை விளக்குகிறார். அவர் சொன்னால் தோட்டத்து ஆட்கள் கேட்கிறார்கள்.

கீரை விஷயத்திலும் இதே நிதானம். வார்ஃபரின் சாப்பிட்டால் கீரையே கூடாது என்று நம் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். கீரையில் வைட்டமின் கே உண்டு, அது வார்ஃபரினுக்கு எதிராக இழுக்கும் என்பது சரி. ஆனால் ஒரேயடியாக நிறுத்துவதல்ல வழி. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும், அந்த அளவுக்குத் தக்கபடி மருந்தை அமைத்துக் கொடுப்பார்கள். மிஸ்ஸி அம்மாவிடம் முருங்கைக்கீரை எத்தனை நாள், காங்கோங் கீரை எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு முறை ஐஎன்ஆர் காரணமில்லாமல் இறங்கியிருந்தது. மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது. அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இப்போ புரட்டாசியா?" என்று கேட்டார். புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் சைவம், தினமும் ஏதாவது கீரை. அதுதான் காரணம். அம்மாவின் வார்ஃபரின் புத்தகத்தின் ஓரத்தில் மலாய் எழுத்தில் புரட்டாசி என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த மாதம் வரும்போது ரத்தத்தைக் கொஞ்சம் சீக்கிரமே பார்க்க வரச் சொல்கிறார். விரதத்தை விடச் சொல்லவே இல்லை.

என் மகள் தாதியர் டிப்ளோமா படிக்கிறாள். இதைச் சொன்னதும், மேடலின் லைனிங்கர் என்று ஒரு அமெரிக்கத் தாதியைப் பற்றிச் சொன்னாள். 1960களில் பாப்புவா நியூ கினியில் கட்சுப் மக்களோடு போய்த் தங்கி, கவனிப்பு என்பது அந்தந்த மக்களின் வாழ்க்கையோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அவர்களைப் போய்ச் சேராது என்று எழுதியவராம். தாதிமையின் சாரமே கவனிப்புதான் என்பது அவர் கொள்கை. வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற இன்னொருவர் 1960களில் சொன்னதையும் மகள் சொன்னாள்: நோயாளிக்குப் பலமும் மனமும் அறிவும் இருந்திருந்தால் தானே என்ன செய்துகொள்வாரோ, அதைச் செய்ய உதவி, கூடிய சீக்கிரம் அவரையே தன் காலில் நிற்க வைப்பது தாதியின் வேலை. எனக்கு இந்த இரண்டாவது ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் மிஸ்ஸி அம்மாவுக்காக எல்லாவற்றையும் தானே செய்துவிடுவதில்லை. அம்மாவைச் செய்ய வைக்கிறார்.

மருந்து உறை முழுக்க மலாய். அம்மாவுக்குப் பேச்சு மலாய் தெரியும், படிக்கத் தெரியாது. மிஸ்ஸி எங்களிடம் கேட்டது: "ஆச்சியே ஒரு அடையாளம் வைக்கட்டும். ஆச்சிக்கு எது மறக்காதோ அது." அம்மா என் கடையில் நூல் உருண்டைகளைத் தேடி எடுத்தார். நீர் மாத்திரை உறைக்கு நீல நூல். டிகாக்சினுக்குக் கறுப்பு, ஏனென்றால் பயப்பட வேண்டியது. வார்ஃபரினுக்குச் சிவப்பு. பிசோப்ரோலாலுக்குப் பச்சை. இப்போது ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி நூலைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்.

"ஆச்சி, நீல நூல் எப்போ?"

"பாகி. காலைல. ராத்திரி போட்டா விடிய விடிய கக்கூசுக்கு நடக்கணும்."

"கறுப்பு?"

"செத்தெங்கா. அரை. நாடி பாத்துட்டு."

"பச்சை தீந்துபோச்சுன்னா?"

"நிறுத்தக் கூடாது. ஒடனே வந்து வாங்கணும்."

பிசோப்ரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறிக்கொண்டு ஓடும், மார்வலி வரலாம். இதை அம்மா மிஸ்ஸியின் வாயால் கேட்டு, தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் விட்டார். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் ஆட்களின் தலையாட்டலை நம்பக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா (மருந்து கொடுப்பவர்) பாட்டிலில் மிக்சர் ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும், என்ன ஏது என்று கேட்டால் மரியாதை இல்லை. அப்படி வளர்ந்த தலைமுறை. புரியாவிட்டாலும் சரிங்க ஐயா என்றுதான் சொல்லும்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒவ்வொரு தடவையும் பெயரும் ஐசி எண்ணும் கேட்பார்கள். என்னைத் தெரியாதா என்று சிலர் கோபப்படுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து கோபப்படாதீர்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பார்ப்பது தாதியருக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது. எங்கள் டவுனில் ஒரே பெயரில் எத்தனை லெட்சுமி, எத்தனை முனியம்மா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று பார்த்தேன். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், மார்வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையைச் சட்டைப் பையில் பிளாஸ்டிக்கில் மடித்து வைத்திருந்தார். மிஸ்ஸி அதைக் கண்டதும் நின்றுவிட்டார். அந்த மாத்திரை சூட்டிலும் வெளிச்சத்திலும் வீரியம் போய்விடும், வந்த கண்ணாடிப் பாட்டிலிலேயே இறுக்கி மூடி வைக்க வேண்டும். வலி வந்தால் லோரியை ஓரங்கட்டி, உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழலாம். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 999ஐக் கூப்பிட வேண்டும். இவ்வளவும் அங்கேயே சொன்னார். பிறகு ஆண் மருத்துவ உதவியாளரைக் கூப்பிட்டு, அண்ணனை அறைக்குள் அழைத்துப் போகச் சொன்னார். ஆண்மை மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று கேட்கத்தான். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும், உயிர்ப் பிரச்சினை. நாலு பொம்பளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்டால் எந்த ஆண் உண்மையைச் சொல்வார்? அவர் மனைவி பிறகு என் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லி, நன்றாகக் கேட்டார்களே என்று பெருமூச்சுவிட்டார்.

குறைகளும் இருக்கின்றன.

காலை 7 மணிக்கே வரிசை நிற்கிறது. நாற்காலி போதாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும் ஆட்கள் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நம்பர் கூப்பிடும் குரல் தெளிவாகக் கேட்பதில்லை. கார் நிறுத்த இடம் இல்லை. டாக்டர் அடிக்கடி மாறுகிறார், வந்தவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா மிஸ்ஸியும் இவர் மாதிரி இல்லை. இவர் லீவில் இருந்த ஒரு நாள் நாடி எண்ணாமலே அட்டையில் எழுதினார்கள். நான் கேட்டேன், பிறகு எண்ணினார்கள். ஒரு நல்ல மிஸ்ஸியை நம்பி மட்டும் ஒரு கிளினிக் நடக்கக் கூடாது. இவர் எண்ணுவது போலவே மற்றவரும் எண்ண வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை, வேலைப்பளு என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் என் அம்மாவைக் காப்பாற்றியது.

மருந்து வாங்குவது இப்போது சுலபம். ஈப்போவில் எழுதிய மருந்தையும் எங்கள் டவுனிலேயே மாதா மாதம் வாங்கிக்கொள்ள எஸ்பியுபி என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் கேட்டால் பதிந்து கொடுப்பார்கள். அது தெரியாமல் மாத்திரைக்காக மட்டும் ஈப்போவுக்கு டாக்சி பிடித்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் எடுத்துப் போங்கள். ஜாமு (மலாய் நாட்டு மருந்து), சூரணம், தைலம், பக்கத்து வீட்டார் கொடுத்தது, எதுவானாலும். ஹார்ட் ஃபெய்லியர் உள்ளவருக்குக் காலையில் எழுந்து ஒன்றுக்குப் போனதும், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அப்பாயின்மெண்ட் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அம்மாவின் எடை அப்படி ஏறியதற்குக் கருவாடும் ஊறுகாயும்தான் காரணம் என்பதையும் மிஸ்ஸிதான் பிடித்தார். பெரிண்டோப்ரில் சாப்பிடுகிறவருக்கு விடாத வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்து வாங்கிக் குடிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துக்கே அப்படி ஒரு குணம் உண்டு, மாற்றிக் கொடுப்பார்கள்.

மார்க் போடச் சொன்னால் மிஸ்ஸிக்கும் ஃபார்மசி தம்பிக்கும் 5க்கு 5. காத்திருக்கும் இடத்துக்கு 5க்கு 2. இருதய மருந்து சாப்பிடும் உங்கள் அப்பா அம்மாவைத் தயங்காமல் இங்கே காட்டலாம். திடீர் மார்வலி, மூச்சடைப்பு என்றால் மட்டும் இங்கே வந்து வரிசையில் நிற்காமல் 999ஐக் கூப்பிடுங்கள்.

மருந்து உறையில் தமிழிலும் ஒரு வரி வேண்டும் என்று கிளினிக்கின் ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன். காலை, இரவு, அரை, சாப்பாட்டுக்கு முன், பின். இந்தச் சொற்கள் போதும். ஒருத்தி எழுதினால் கவனிக்க மாட்டார்கள், பத்துப் பேர் எழுதினால் பார்ப்பார்கள். மலாயில் எழுத வராதவர்கள் கடைக்கு வாருங்கள், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு வேலை குறைவு. நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.